115 பேரா, 200 பேரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் கிறுக்கலாம், அதை நம்பவே கூடாது என்று போன வாரம் இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அப்படிக் கிறுக்கியவர்களில் நானும் ஒருவன். அதனால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பயணிகள் ரயிலைத் தனுஷ்கோடிக்குப் போய்ச் சேரும் முன்பே புயலில் கடல் கொண்டுபோனது. எனக்கு அப்போது ஏழு வயது. தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக் கூரை பறந்தது மட்டும் நினைவிருக்கிறது. ரயிலில் இருந்தது 110 பயணிகள், 5 ஊழியர்கள், ஆக 115 பேர் என்பது பரவலாக வழங்கும் கணக்கு. பாம்பன் ஸ்டேஷனில் சுமை தூக்கிய என் மாமா அதைக் கேட்டாலே சிரிப்பார். “டிக்கெட் எடுத்தவனை எண்ணினா 115. எடுக்காம ஏறினவனை எவன் எண்ணினான்?” 200-க்குக் குறையாது என்பது அவர் கணக்கு.

இரண்டு வருடம் முன்பு ஓர் இரவு, விக்கிப்பீடியாவில் இது பற்றிய கட்டுரையில் 115-ஐ அழித்து 200 என்று போட்டேன். பத்து நிமிடத்தில் ஒருவர் பழையபடி ஆக்கிவிட்டார். குறிப்பில் ‘சான்று தேவை’ என்று இரண்டே சொல். மறுபடி மாற்றினேன், அவரும் மாற்றினார். இப்படியே மூன்று தடவை. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் அடுத்தவர் மாற்றியதைப் பழையபடி ஆக்கினால் தடை என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் விதியே இருக்கிறதாம். எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. “தனுஷ்கோடி மண்ணை மிதித்திருக்கிறீரா?” என்று அவருடைய பேச்சுப் பக்கத்தில் போய் எழுதினேன். 34 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு எதிர்ப்பேச்சு அவ்வளவு எளிதில் செரிக்காது.

“மிதித்ததில்லை ஐயா. நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் படிக்கிறவர் எங்கே போய்ச் சரிபார்ப்பார்? கட்டுரையின் உரையாடல் பக்கத்துக்கு வாருங்கள், பேசுவோம்” என்று பதில் வந்தது. போனேன். சொன்னதற்குக் கீழே கையெழுத்தாக நாலு அலைக்குறி (~~~~) தட்ட வேண்டும் என்பதைக்கூட அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஆணா பெண்ணா, எந்த ஊர், இன்றுவரை தெரியாது.

தேடிப் பிடித்து ஒரு மாத இதழின் கட்டுரையைச் சான்றாகக் கொடுத்தேன். 200 என்று அச்சிலேயே இருந்தது. ஆளை மடக்கிவிட்டதாக நினைத்தேன். மறுநாள் அவர், விக்கிப்பீடியாக் கட்டுரையில் செய்த மாற்றங்கள் எல்லாம் பதிவாகியிருக்கும் வரலாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு பழைய வரியை எடுத்துக் காட்டினார். அந்த இதழ் வருவதற்கு முந்தைய ஆண்டு, விக்கிப்பீடியாவில் பெயர் பதியாத யாரோ எழுதிச் சேர்த்து, அப்புறம் நீக்கப்பட்ட வரி. இதழில் இருந்ததும் அதே வரி, எழுத்துக்கு எழுத்து. ‘தணுஷ்கோடி’ என்று மூன்று சுழி ‘ண’ போட்டிருந்த பிழை உட்பட.

அந்தப் பிழையை எனக்குத் தெரியும். பணி ஓய்வு பெற்ற புதிதில் மருமகனின் கணினியில் தமிழ் தட்டிப் பழகியபோது நான் போட்டது. அதாவது நான் எழுதியதை அவர்கள் எடுத்து அச்சிட்டார்கள், அதை நான் எனக்கே சான்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு முழு நாள் ஆனது. அவர் கேலி செய்யவில்லை. “வாருங்கள் ஐயா, வேறு சான்று தேடுவோம்” என்று மட்டும் எழுதினார்.

கடைசியில் இரண்டு எண்ணும் உள்ளே வந்தன. 115 என்பது இன்ன இடத்தில் உள்ள கணக்கு, டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்து 200 வரை இருக்கலாம் என்பது இன்னார் மதிப்பீடு என்று தனித்தனிச் சான்றோடு. மாமா சொன்னதைச் சேர்க்க முடியவில்லை, அது எங்கும் அச்சில் இல்லை. கொஞ்ச நாள் வருத்தம் இருந்தது. சரி, அடுத்த வீட்டுக்காரரும் அவர் மாமா சொன்னதைக் கொண்டுவந்தால் என்ன செய்வது என்று யோசித்தபோது தணிந்துவிட்டது.

வாசக நண்பர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். என் பிழையைப் பிடிக்க முடிந்தது, யார் எப்போது எதை மாற்றினார் என்பது அந்த வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே கிடந்ததால்தான். அச்சிட்ட தாளில் அப்படித் திருப்பிப் பார்க்க இடமில்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு டிசம்பரிலும் தனுஷ்கோடி பற்றிக் கட்டுரை போடுகிறீர்கள். போன வருடம் 200 என்று போட்டிருந்தீர்கள். ரயில்வே சொன்னதா, பிழைத்தவர் சொன்னதா, விக்கிப்பீடியாவில் எடுத்ததா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். விக்கிப்பீடியாவில் எடுத்தது என்றாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நாங்கள் உங்களைச் சான்றாகக் காட்டுவோம், நீங்கள் எங்களைப் பார்த்து எழுதுவீர்கள்.

மாமா போய்விட்டார். ராமேசுவரத்தில் அத்தை இருக்கிறார், 84 வயது. அந்த இரவைப் பற்றிக் கேட்டால் யார் யார் ஏறினார்கள் என்று பெயர் பெயராகச் சொல்வார். அது அத்தை பெயரோடு உங்கள் தாளில் வந்தால் சான்று. நிருபரை அனுப்பினால் நானே கூட்டிப்போகிறேன். காலையில் வரச் சொல்லுங்கள், மதியத்துக்கு மேல் அத்தை தூங்கிவிடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்