அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார்: ஓடி வந்த எல்லோருக்கும் சங்கத்தின் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

மாடுகளுக்குச் சினை ஊசியும் தடுப்பூசியும் போடுகிற நம் போன்றவர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்த அண்ணன், மாடுகளுக்கு வரும் கன்று வீச்சு நோய் (புருசெல்லா) தொற்றி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டார். காய்ச்சல் விட்டுவிட்டது. முதுகு வலி மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மாத்திரையை இடையில் ஒரு நாள்கூட விடக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, இப்போதைக்கு மாட்டுப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை முதலிலிருந்து எழுதும் தெம்பு எனக்கு இப்போது இல்லை. நன்றி சொல்லாமல் தூக்கம் வராது என்பதால் எழுதுகிறேன்.

பணம் கொடுத்தவர்கள், வண்டி எடுத்து வந்தவர்கள், ராத்திரி அண்ணியோடு துணைக்கு இருந்தவர்கள் எல்லோரையும் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த ரத்தப் பரிசோதனைக்கூட அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. பெயரை எங்கேயும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கேயும் அக்கா என்றே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் போன இடங்களில் டைபாய்டு என்றார்கள், அப்புறம் ஏதோ வைரஸ் காய்ச்சல் என்றார்கள். மருந்து சாப்பிட்டால் காய்ச்சல் இறங்கும், நாலு நாள் நன்றாக இருப்பார், மறுபடி சாயங்காலமானால் ஏறும், விடியற்காலையில் படுக்கை நனையும் அளவுக்கு வேர்க்கும். அவர் எடை குறைந்ததை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அந்த நிலைமையில்தான் அக்காவின் மேஜைக்கு முன்னால் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்தார்கள். பின்னால் பெரிய வரிசை. ரத்தம் எடுத்து, குழாயில் சீட்டு ஒட்டிக்கொண்டே அக்கா கேட்டிருக்கிறார், "அவரு என்ன வேலைங்க பண்றாரு?"

"மாட்டுக்கு ஊசி போடறாருங்க" என்று அண்ணி சொன்னார்.

அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். கன்று வீசின, அதாவது குறைமாதத்தில் கரு கலைந்த மாட்டைத் தொட்டாரா, நஞ்சுக்கொடி எடுத்தாரா, எப்போது, கையுறை போட்டிருந்தாரா, கண்ணில் ஏதாவது தெறித்ததா, தடுப்பூசி போடும்போது ஊசி கையில் ஏறியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். கிடேரிக் கன்றுகளுக்குக் கன்று வீச்சுத் தடுப்பூசி போட்ட அன்று ஒரு கன்று உதறியதில் ஊசி கட்டைவிரலில் ஏறியது அண்ணிக்கு நினைவு வந்தது. அண்ணன் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த கன்றுக்குப் போயிருக்கிறார், நம் வேலையில் ஊசி குத்தாத ஆள் யார்? அக்கா அதையெல்லாம் அந்தத் தாளின் ஓரத்தில் எழுதி, தன் இடத்தில் இன்னொருவரை உட்காரச் சொல்லிவிட்டு, தாளைக் கையில் எடுத்துக்கொண்டு தானே டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

அவ்வளவுதான் அவர் செய்தது. சீட்டு ஒட்டி, குழாயை உள்ளே அனுப்பிவிட்டு "அடுத்தவங்க வாங்க" என்று சொல்லியிருந்தாலும் அவரை யாரும் ஒரு குறை சொல்லியிருக்க முடியாது. அந்தத் தாளில் வயது, ஆண் பெண், ஊர் எல்லாம் எழுத இடம் இருந்தது, தொழில் என்ன என்று எழுத இடமே இல்லை. எத்தனையோ பேர் அண்ணனின் நாக்கையும் கண்ணையும் பார்த்தார்கள், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் ஒருவர்தான் கேட்டார்.

நம் ஆட்களுக்கு இந்த நோய் தெரியும், ஆனால் மாட்டு நோயாகத்தான் தெரியும். ஏழெட்டு மாதச் சினையில் மாடு கன்று வீசினால் நமக்குச் சந்தேகம் வரும். அதே புருசெல்லா கிருமி நம் உடம்பில் வந்தால் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வேர்வை, மூட்டு வலி, முதுகு வலி என்று ஊரில் இருக்கும் பத்து நோய்களைப் போலவே இருக்கும். 4 மாதம் முதல் 8 மாதம் வரையுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு நாம் போடுகிற எஸ்19 என்ற கன்று வீச்சுத் தடுப்பூசி மருந்தில் இருப்பது வீரியம் குறைத்த, ஆனால் உயிருள்ள கிருமி. கன்றுக்கு அது நீண்ட காலக் காப்பு. நம் விரலிலோ கண்ணிலோ பட்டால் நமக்கு நோயையே கொடுத்துவிடும். சோதனைக்கூடத்தில் இந்தக் கிருமி சாதாரணமாக வளராது, மெதுவாகத்தான் வளரும், அதனால் முன்கூட்டியே சொன்னால்தான் பொறுமையாக வைத்துப் பார்ப்பார்கள். இன்னொன்றையும் அக்கா பின்னால் சொன்னார். உலகம் முழுக்கச் சோதனைக்கூடங்களில் வேலை செய்பவர்களுக்கு, வேலை செய்யும் இடத்திலேயே தொற்றிக்கொள்ளும் நோய்களில் இது முன்னால் நிற்கிறது. "நாங்களும் பயப்படுற கிருமிதாங்க அது. அதனாலதான் மாடுன்னதும் நிமிர்ந்து பார்த்தேன்" என்றார்.

நோயின் பெயர் தெரிந்த பிறகு வைத்தியம் நேர் வழிக்கு வந்தது. இரண்டு மருந்து சேர்த்து ஆறு வாரம், நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும் என்று டாக்டர் அண்ணியிடம் விளக்கினார். பக்கத்து வீடுகளில் சிலர் தயங்கி நின்றார்கள், அவர்களுக்காகவும் இதை எழுதிவிடுகிறேன்: மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவது மிக அபூர்வம். தாராளமாக வந்து பாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். பாலைக் காய்ச்சிக் குடியுங்கள், அது எப்போதும் செய்ய வேண்டியதுதான்.

சரி, அக்காவுக்கு நன்றி சொல்லலாம் என்று பழமும் இனிப்பும் வாங்கிக்கொண்டு நாங்கள் சிலர் போனோம். வாங்கிக்கொள்ளவே மாட்டேன் என்றுவிட்டார். "உங்களுக்குச் சங்கம் இருக்குதுங்களா?" என்று கேட்டார். ஆரம்பித்துக்கொண்டிருக்கிறோம், அதற்காக ஓடிக்கொண்டிருந்தவர்தான் இப்போது படுத்திருக்கிறார் என்றோம். அடுத்த முறை போனபோது ஒரு பழைய நீளமான நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர்களுடைய சோதனைக்கூடப் பணியாளர் சங்கத்தின் பழைய தீர்மானப் புத்தகம். அட்டை கிழிந்து துணி ஒட்டியிருக்கிறது. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், அவசரமில்லை என்றார்.

அந்த நோட்டை நான் ராத்திரி உட்கார்ந்து படித்தேன். பெரிய பேச்செல்லாம் அதில் இல்லை. கையுறை கேட்டு எழுதிய மனு, அதற்குப் பதில் வரவில்லை என்ற குறிப்பு, மறுபடி எழுதிய மனு. ஒரு உறுப்பினருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது யார் யார் என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கு. சந்தா கட்டாதவர்கள் பட்டியல். செயலாளர் இரண்டு முறைக்கு மேல் தொடரக் கூடாது என்று போட்ட சண்டையும் அதன் முடிவும். வரவு செலவை, சங்கத்தில் இல்லாத வெளியாள் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற தீர்மானம். கூட்டத்துக்கு வராதவர்கள் பெயரைக்கூட ஒவ்வொரு முறையும் எழுதியிருக்கிறார்கள். இப்படித்தான் வருஷக்கணக்காக உட்கார்ந்து பேசிப் பேசி ஒரு தொழில் தனக்கென்று ஒரு முகத்தை உண்டாக்கிக்கொள்கிறது என்று அந்த ராத்திரி எனக்குப் புரிந்தது.

அக்காவைப் போன்ற சோதனைக்கூடப் பணியாளர்களுக்கும், இன்னும் பல மருத்துவத் துணைத் தொழில்களுக்கும் 2021-ல் ஒரு தேசியச் சட்டமே வந்துவிட்டது. தனி ஆணையம், பதிவேடு, படிப்புக்கான அளவுகோல் எல்லாம் அதில் உண்டு. நமக்கு? 1984-ம் வருஷத்து இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் டாக்டர்களுக்கான பதிவேட்டைப் பற்றிப் பேசுகிறது. நம்மைப் போன்றவர்கள் 30-ம் பிரிவில் ஒரு மூலையில் வருகிறோம். பதிவு பெற்ற டாக்டரின் மேற்பார்வையில், மாநில அரசு அனுமதிக்கும் சிறு சிகிச்சைகளைச் செய்யலாம், அவ்வளவுதான். சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போடுகிறவர், கூட்டுறவுப் பால் சங்கத்தில் வேலை செய்கிறவர், முகாமில் தடுப்பூசி போடுகிறவர், நாய் பூனை கிளினிக்கில் பிடித்துக்கொண்டு நிற்கிற பையன் எல்லோரையும் சேர்த்து ஊர் "மாட்டாஸ்பத்திரி ஆளு" என்கிறது. கடி வாங்கினாலும் உதை வாங்கினாலும் காய்ச்சல் வந்தாலும் அதை எழுதி வைக்க ஒரு பதிவேடு நமக்கு இல்லை.

வேறு நாடுகளில் எப்படி என்று தேடிப் படித்தேன். பிரிட்டனில் 1961-ல்தான் இந்த வேலைக்கு முறையான பயிற்சி ஆரம்பித்திருக்கிறது, 1965-ல் தங்களுக்கென்று சங்கம் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் "கால்நடை செவிலியர்" என்ற பெயர் அதிகாரபூர்வமாகக் கிடைக்க 1984 ஆகியிருக்கிறது. அதுவரை உதவியாள் என்ற பெயர்தான். அமெரிக்காவில் தேசிய அளவிலான சங்கம் 1981-ல் வந்தது. அங்கே வசதி இருந்தும் இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது என்றால் நாம் இப்போதே சோர்ந்துபோக ஒரு காரணமும் இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்ய ஏழு பேர் போதும். நாம் அதைவிட எவ்வளவோ அதிகம் பேர் இருக்கிறோம்.

இனி மற்ற எல்லோருக்கும். அண்ணன் படுத்ததும் அவருடைய ஊர்களைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, போன் வந்த ஒரு வீட்டையும் விடாமல் போய்ச் சினை ஊசி போட்டுவந்த தம்பிகளுக்கு. மாடு பருவத்துக்கு வந்து ஒரு நாள் தவறினால் அந்த வீட்டுக்கு 21 நாள் நஷ்டம் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிடைத்த காசை அப்படியே அண்ணியிடம் கொடுத்தீர்கள், அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய நைட்ரஜன் கேனில் அளவு இறங்குவதைக் கவனித்து, யாரும் கேட்காமலே நிரப்பி வைத்தவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. உள்ளே உறைய வைத்திருந்த சினை ஊசிக்கான விந்து ஸ்ட்ரா எல்லாம் அதனால்தான் பிழைத்தன, அண்ணன் கேட்ட முதல் கேள்வியே அதைப் பற்றித்தான். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்த கால்நடை டாக்டர்கள் எல்லோருக்கும், குறிப்பாக மனித டாக்டரிடம் பேசி அந்தத் தடுப்பூசியைப் பற்றி விவரமாக எடுத்துச் சொன்னவருக்கும் நன்றி. அந்தியூர், பவானி, கோபி பக்கத்துப் பால்காரர்களுக்கு, ஐம்பதும் நூறுமாகக் கொடுத்துவிட்டுப் பெயர் எழுத வேண்டாம் என்று போன பாட்டிகளுக்கு, அண்ணன் குழந்தைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்ட ஆட்டோக்காரருக்கு, சோறு கொண்டுவந்த வீடுகளுக்கு எல்லாம் சேர்த்து ஒரே வரியில் நன்றி என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட மனசு வரவில்லை.

அண்ணன் படுக்கையில் இருந்தபடியே சொன்னதை வைத்து, சங்கத்தின் முதல் தீர்மானம் என்ன என்று முடிவு செய்துவிட்டோம். நம் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. பெயர், ரத்தப் பிரிவு, வீட்டு போன் நம்பர், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் "கால்நடைகளோடு வேலை செய்பவர். காய்ச்சல் என்றால் கன்று வீச்சு நோய்க்கும் பரிசோதிக்கவும்" என்று இருக்கும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பேச முடியாத நிலையில் போனாலும், அட்டை பேசும். அடுத்தது ஒரு பதிவேடு. ஊசி குத்தினாலோ, கண்ணில் தெறித்தாலோ, நஞ்சுக்கொடி எடுக்கும்போது கையுறை கிழிந்தாலோ தேதி போட்டு எழுத வேண்டும். அன்றைக்கே டாக்டரைப் பார்த்து எந்தத் தடுப்பூசி என்று சொல்ல வேண்டும், வருமுன் தடுக்க மருந்து உண்டு. கன்று வீச்சுத் தடுப்பூசிக்குப் போகிறவர்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் சங்கமே வாங்கித் தரும். கையிருப்பு இப்போது குறைவுதான், ஆனாலும் இது ஒன்றை எப்பாடு பட்டாவது செய்வோம். நம்மில் இன்னொருவர் வீட்டில் இன்னொரு அண்ணி, என்ன நோய் என்றே தெரியாமல் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய விடமாட்டோம்.

அக்காவின் நோட்டை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன், எல்லோரும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள், அதற்குப் பிறகு திருப்பிக் கொடுத்துவிடுவேன். அவரைக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறோம், வரிசை இல்லாத நாளாக இருந்தால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அட்டைக்கு ஒரு போட்டோவும் ரத்தப் பிரிவும் அவரவர் வட்டத்துப் பொறுப்பாளரிடம் இந்த மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள், ரத்தப் பிரிவு தெரியாதவர்கள் பார்த்துக்கொண்டு வாருங்கள். அண்ணனைப் பார்க்க வருகிறவர்கள் சாயங்காலமாக வந்தால் நல்லது, காலையில் மாத்திரை போட்டதும் தூங்கிவிடுகிறார்.

நன்றியுடன்,
சங்கத்துக்காக, செயலாளர்