பாப்பாவுக்கு, மிளகாய்த்தூளோடு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைப் போலத்தான், மழை வந்தால் கூடும், எண்ணெய் தேய்த்தால் குறையும். பெரியப்பாவின் பேரன் படிக்க மெல்பர்ன் வருகிறான் இல்லையா, அவன் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அம்மா அரைத்த மிளகாய்த்தூள் இரண்டு பாக்கெட் இருக்கும், ஒன்று மீனுக்கு, ஒன்று கோழிக்கு, மேலே எழுதியிருக்கிறாள், கலந்துவிடாதே.

முதலில் ஒன்று. படுக்கும்போது போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளாதே. ஹாலில் வைத்துவிட்டு வந்து படு. நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே இப்போது குளிர்காலம், சீக்கிரம் இருட்டிவிடும், வேலை முடிந்து வந்து பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறாயோ என்று அம்மா கேட்கிறாள். நானும் கேட்கிறேன்.

தைப்பூசத்தன்று பினாங்கு வெள்ளி ரதம் நம் பக்கம் வந்தபோது வீடியோ காலில் கூப்பிட்டேனே, ஞாபகம் இருக்கிறதா. என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கையைத் தூக்கிப் போனைத்தான் பிடித்திருந்தார்கள், நானும்தான். உடைத்த தேங்காய்த் தண்ணீர் ரோட்டில் ஓடி என் செருப்பு வரைக்கும் வந்தது, அதையும் உனக்குக் காட்டினேன். நீ கேமராவை அடைத்து வைத்திருந்தாய். 20 நிமிடம் நானே பேசினேன், நீ 'ம்' என்றாய், 'ம்ப்பா' என்றாய். நடுவில் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாய். சளியா என்றேன், ஆமாம் என்றாய். ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் நீ, உனக்கு நான் என்ன சொல்வது. தாத்தா கெடா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், அவர் பேத்தி மெல்பர்ன் ஆஸ்பத்திரியில் மருந்தாளர் என்று கோப்பிக்கடையில் நான் சொல்லாத நாள் கிடையாது.

ஆனால் நான் அனுப்பிய குரல் பதிவை 11 நாள் நீ கேட்கவே இல்லை. அந்த மைக் குறி நீலமாகவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அத்தை மகள் குழந்தை குப்புற விழுந்த வீடியோவுக்கு மட்டும் இரண்டு நிமிடத்தில் இதயம் போட்டாய். குறை சொல்லவில்லை. சொல்கிறேன்தான், சரி, மனதில் வைத்துக்கொள்ளாதே. என் சின்ன வயதில் தந்தி வந்தால் சாவு, எதுவும் வராவிட்டால் எல்லாரும் நலம், அவ்வளவுதான் கணக்கு. அந்தத் தந்தியையும் 2012இல் இங்கே நிறுத்திவிட்டார்கள். இப்போது நாள் முழுக்க முருகன் படமும் காலை வணக்கமும் வந்துகொண்டே இருக்கிறது, அதனால் உன்னிடமிருந்து ஒன்றும் வராததுதான் எனக்குத் தந்தி மாதிரி ஆகிவிட்டது.

நீ அங்கே படித்த காலத்தில் ஞாயிறு இரவு எட்டு மணி என்றால் ஸ்கைப். அம்மா ஏழரைக்கே முகம் கழுவிப் பொட்டு வைத்து உட்கார்ந்துவிடுவாள். போன வருடம் மே 5ஆம் தேதியோடு ஸ்கைப்பை மூடிவிட்டார்கள் என்று செய்தியில் வந்தபோது அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இப்போது எந்த நேரத்திலும் கூப்பிடலாம், காசும் இல்லை, அதனாலேயே இந்த நேரம் என்று ஒன்று நமக்கு இல்லாமல் போய்விட்டது.

உன் வாட்ஸ்அப் படம் மாறியதைப் பார்த்தேன். எந்தத் தேதியில் மாறியது என்றுகூடத் தெரியும். முன்பு இருந்தது கொடிமலை ரயிலுக்கு முன்னால் நீங்கள் இருவரும் நின்ற படம், 2022இல் எல்லையைத் திறந்த பிறகு மாப்பிள்ளை முதல் தடவையாக நம் வீட்டுக்கு வந்தபோது நான் எடுத்தது, ஓரத்தில் என் கட்டைவிரல் விழுந்திருக்கும், அதைக்கூட வெட்டாமல் வைத்திருந்தாய். இப்போது வெறும் கடல். கடலும் நல்ல படம்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

2021இல் உன் கல்யாணத்தை இந்த ஹாலில் உட்கார்ந்துதான் பார்த்தோம். கெட்டிமேளம் கேட்டது, படம் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் கை உன் கழுத்துக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. அம்மா காத்திருக்கவில்லை, அட்சதையை லேப்டாப் மேலேயே போட்டுவிட்டாள். படம் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து நீ சிரித்துக்கொண்டிருந்தாய். லைன் போனால் என்ன, கட்டியது கட்டியதுதான் என்று அன்றைக்கு அவளைத் தேற்றினேன். அந்தக் கீபோர்டில் எச் எழுத்துக்குக் கீழே ஒரு மஞ்சள் அரிசி இன்றும் இருக்கிறது. எடுக்க மனம் வரவில்லை.

இன்னொன்று நடந்தது, அம்மாவுக்குத் தெரியாது. மூன்று வாரத்துக்கு முன் மத்தியானம், தெரியாத நம்பர். எடுத்தால் நீ. "அப்பா, அப்பா" என்று அழுகை, உன் குரலேதான், கடைசியில் நீ இழுக்கிற அதே இழுப்பு. எழுந்து நின்றுவிட்டேன். பிறகு ஒரு ஆள் போனை வாங்கி விபத்து, போலீஸ், பணம் என்று ஆரம்பித்தான், வைத்துவிட்டேன். ஒருவருடைய குரல் கொஞ்சம் கிடைத்தால் போதும், கம்ப்யூட்டர் அதே குரலில் எதை வேண்டுமானாலும் பேசிவிடுகிறது இப்போது. உன் குரல் அந்தத் தீபாவளி வீடியோவில் எல்லாரும் பார்க்கிற மாதிரி கிடக்கிறது, அதை எடுத்துவிடு. என் குரலில் யாராவது பணம் கேட்டால் ஆயா வளர்த்த ஆட்டின் பெயரைக் கேள், தெரியாவிட்டால் அது நான் இல்லை. பணம் போய்விட்டால் இங்கே உடனே 997க்கு அடிக்கவேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

எப்படி அண்ணே கண்டுபிடித்தீர்கள் என்று கோப்பிக்கடையில் கேட்டார்கள். 31 வருடம் டெலிகோமில் இருந்தவன் இல்லையா என்றேன். அது பொய். என் பாப்பா என்னிடம் அழமாட்டாள், அதனால்தான் தெரிந்தது. இரண்டாவது 'அப்பா'விலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் அந்த ஆள் வாங்கிப் பேசுகிற வரைக்கும் நான் போனை வைக்கவில்லை, கேட்டுக்கொண்டே நின்றேன்.

ஏன் அழமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் டெலிகோமில் வேலைக்குச் சேர்ந்தபோது அது இன்னும் ஜபாத்தான், அதாவது அரசாங்க இலாகா, 1987இல்தான் கம்பெனி ஆக்கினார்கள். லைனைச் சோதிக்கக் கம்பத்தில் ஏறி இரண்டு செம்புக் கம்பியில் கிளிப்பைப் போட்டால் ஆள் பேசுவது அப்படியே காதில் விழும். புருஷன் பெண்டாட்டி சண்டை, கடன், காதல், எல்லாம் விழும். பேச்சுக் கேட்டால் உடனே கிளிப்பை எடுத்துவிடு, இதுதான் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர் முதல் நாள் சொன்னது. கடைசி வரைக்கும் எடுத்தேன். உன் அத்தை என் பெயரைச் சொல்லி யாரிடமோ பேசுவது கேட்டபோதுகூட எடுத்துவிட்டேன்.

அப்படி இருந்தவன்தான் 2011இல், நீ ஐந்தாம் படிவம், எஸ்பிஎம் பரீட்சைக்கு நாலு மாதம், ஹால் கம்ப்யூட்டரில் ஃபேஸ்புக்கை மூடாமல் நீ டியூஷனுக்குப் போன அன்றைக்கு, உட்கார்ந்து இரண்டு மணி நேரம் படித்தேன். முதல் வரி தானாகக் கண்ணில் பட்டது. மற்றதெல்லாம் நானாகப் படித்தது, மேலே மேலே ஏற்றிப் பழையதையெல்லாம் படித்தேன். அதோடு விட்டேனா, பெரியப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். நீ உள்ளே வந்தபோது சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். நீ புத்தகப் பையைக்கூட இறக்காமல் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றாய். அழவில்லை. நேராக வந்து என் கையை மவுஸ் மேலிருந்து எடுத்துவிட்டு எல்லாவற்றையும் மூடினாய். உன் கை ஜில்லென்று இருந்தது.

அதற்குப் பிறகு நீ என்னிடம் மார்க் சொல்லியிருக்கிறாய், சம்பளம் சொல்லியிருக்கிறாய், மழை வெயில் சொல்லியிருக்கிறாய். உன்னைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. நான் அன்று கண்டித்ததால்தான் நீ எஸ்பிஎம்மில் அப்படி எடுத்தாய் என்று உன் பட்டமளிப்பு விழாவில்கூட ஆள் மாற்றி ஆளிடம் சொன்னேன், நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். தப்பு பாப்பா. படித்தது தப்பு, வாசித்துக் காட்டியது அதைவிடப் பெரிய தப்பு. இதைச் சொல்ல எனக்கு 15 வருடம் ஆகியிருக்கிறது.

இப்போதும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். எனக்கு இரவு ஒரு மணி, உனக்கு மூன்று. உன் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று இருக்கும், போகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும். இந்நேரம் யாரோடு பேசுகிறாய், பேசத்தான் செய்கிறாயா, பழைய படங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாயா என்று அம்மா தூங்கிய பிறகு நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். கம்பத்தில் கிளிப்பைப் போட்டுவிட்டு எடுக்காமல் நிற்கிறேன்.

அதனால் நீ ஒன்று செய். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அதில் பிரைவசி, அதில் லாஸ்ட் சீன். அங்கே நோபடி என்று போடு. அதற்குக் கீழேயே ஆன்லைனுக்குத் தனியாக இருக்கும், அதையும் லாஸ்ட் சீன் மாதிரியே என்று மாற்றினால்தான் முழுசாக மறையும். எழுதியதைப் படித்ததும் வருகிற நீல டிக்கையும் அங்கேயே நிறுத்திவிடலாம். நான் வருத்தப்படமாட்டேன். இதைப் பேப்பரில் எழுதினதும் அதற்குத்தான், நீ எந்த நாள் பிரித்தாய், எத்தனை நாள் பிரிக்காமல் வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியவேண்டாம். பதிலும் வேண்டாம்.

மாப்பிள்ளை இருந்தால் கேட்டதாகச் சொல். இல்லாவிட்டால் சொல்லவேண்டாம்.

வீட்டுப் போனை இன்னும் வைத்திருக்கிறேன், அதே நம்பர். உன் அறையில் அம்மா துணி மடித்து வைக்கிறாள், கட்டில் அப்படியேதான் இருக்கிறது. வரவேண்டும் என்று தோன்றினால் டிக்கெட் போட்டுவிட்டு விமான நம்பரை மட்டும் அனுப்பு, ஏன் எதற்கு என்று எழுதவேண்டாம். பாயான் லெப்பாஸுக்கு நானே வருகிறேன். காரில் ஒன்றும் கேட்கமாட்டேன், மின்னல் எஃப்எம் போட்டுக்கொள்வோம், வீடு வருகிற வரைக்கும் நீ தூங்கிக்கொண்டே வரலாம்.

மிளகாய்த்தூளில் அம்மா உப்பு சேர்க்கவில்லை, நீதான் பார்த்துப் போடவேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. போனை ஹாலில் வைத்துவிட்டுப் படு.

அப்பா