எந்தத் தைராய்டுக்கு, எத்தனை நாளைக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு நலவாழ்வுப் பக்கத்தில் 'தைராய்டு இருப்பவர்கள் தொடக்கூடாத உணவுகள்' என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பால், முட்டை, மீன், சோயா, காபி, அயோடின் உப்பு என்று எல்லாம் ஒரே கட்டத்துக்குள் இருந்தன. எனக்குத் தைராய்டுச் சுரப்பியே கிடையாது, புற்றுநோய் வந்து அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். நமக்கில்லை என்று பக்கத்தைத் திருப்பியிருப்பேன். அதற்குள் அக்கா அதைப் படம் எடுத்துக் குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு எனக்குப் போனும் செய்துவிட்டாள். "இதையெல்லாம் ஆக்கித் தின்னுட்டுத்தானேடா இருந்தே, அதான் திரும்பி வந்திருக்கு" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. தம்பிக்கு நோய் மறுபடி வந்ததற்கு அவளுக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருந்தது. நீங்கள் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

எனக்கு வந்தது பாப்பில்லரி வகை. தைராய்டு புற்றுநோய்களில் அதிகம் பேருக்கு வருவது அதுதான். மெதுவாக வளரும், பெரும்பாலானவர்கள் நெடுநாள் நன்றாக இருப்பார்கள் என்பதால் 'புற்றுநோய்லேயே இது நல்லது' என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் உண்டு. அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட அதற்காகக் கழுத்தைக் கொடுத்தவர் இல்லை. முதல் முறை சுரப்பியை முழுதாக எடுத்து, மிஞ்சிய தைராய்டு செல்களை அழிக்கக் கதிரியக்க அயோடினும் கொடுத்தார்கள். அப்புறம் சில ஆண்டுகள் தொந்தரவு இல்லாமல் போயின. பிறகு இரத்தத்தில் தைரோகுளோபுலின் கொஞ்சம் கொஞ்சமாக ஏற ஆரம்பித்தது. அது தைராய்டு செல்கள் மட்டுமே செய்கிற புரதம். சுரப்பி இல்லாதவன் இரத்தத்தில் அது கூடிக்கொண்டே போனால் அந்தச் செல்கள் எங்கோ இருக்கின்றன என்று பொருள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது கழுத்தின் பக்கவாட்டில் ஒரு நிணநீர்க் கணுவில் இருந்தது. இந்த நோய் திரும்பினால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தலைகாட்டும். முதல் சிகிச்சைக்குத் தப்பிய செல்கள் பிறகு வளர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். முட்டைக்கோஸுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

முட்டைக்கோஸைச் சொன்னதால் அதை முடித்துவிடுகிறேன். அந்தக் குடும்பத்துக் காய்களில் இருக்கும் சில பொருள்கள், சுரப்பி அயோடினை இழுத்துக்கொள்வதைத் தடுக்கக்கூடியவை. பச்சையாக, மலைமலையாகத் தின்றால்தான் அந்தப் பேச்சே வரும். வேகவைத்து, வழக்கமான அளவில், போதிய அயோடினோடு சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை இல்லை. என்னைப் போலச் சுரப்பியே இல்லாதவனுக்குத் தடுக்க அங்கே என்ன இருக்கிறது? வாரம் தவறாமல் சமைக்கிறேன். எங்கள் வீட்டில் சமையல் பல ஆண்டுகளாக என் பொறுப்பு. மனைவி வேலைக்குப் போகிறாள், நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன்.

பாலும் மீனும் முட்டையும் அயோடின் உப்பும் உங்கள் பட்டியலுக்குள் எப்படி வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. கதிரியக்க அயோடின் கொடுப்பதற்கு முன்னால் நோயாளி கையில் ஒரு தாள் தருவார்கள். அயோடின் குறைந்த உணவு என்று தலைப்பிட்டிருக்கும். ஒரு வாரம், அல்லது இரண்டு வாரம் என்று கணக்கும் போட்டிருக்கும். உடம்பில் வேறு அயோடின் இல்லாமல் செல்களைப் பட்டினி போட்டுவிட்டால், மருந்தாகக் கொடுக்கும் அயோடினை அவை ஆவலாக இழுத்துக்கொள்ளும் என்பதுதான் அதன் நோக்கம். வளர்ந்த ஒருவருக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். அந்த நாள்களில் அதை 50க்குள் நிறுத்தச் சொல்வார்கள். யாரோ அந்தத் தாளின் தலைப்பையும் கெடுவையும் வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் ஊருக்கெல்லாம் விட்டிருக்கிறார்கள்.

அந்த நாள்களில் சமைப்பது எப்படி இருக்கும் என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை, நான் எழுதுகிறேன். பால், தயிர், வெண்ணெய், பாலாடைக்கட்டி போய்விடும். கடலில் விளைவது எதுவும் ஆகாது, கடல்பாசியில் எடுத்த ஜெல்லியும் சேர்த்துத்தான். கடை ரொட்டியும் பிஸ்கட்டும் போகும், அவற்றில் என்ன உப்பு, பால் உண்டா இல்லையா என்று நமக்குத் தெரியாது. எரித்ரோசின் என்ற சிவப்புச் சாயத்துக்குள்ளேயே அயோடின் இருக்கிறது. அதனால் சிவப்பு மிட்டாயும், சில மாத்திரைகளின் சிவப்பு உறையும்கூடச் சந்தேகத்துக்கு உரியவை. மிஞ்சுவது சோறு, உருளைக்கிழங்கு, புதிய காய்கள், பழங்கள், எண்ணெய், சர்க்கரை, அளவாகப் புதிய இறைச்சி. முட்டையில் வெள்ளை மட்டும். உடைத்து, ஓட்டின் இரண்டு பாதிக்கும் மாற்றி மாற்றி ஊற்றி, வெள்ளையைக் கிண்ணத்தில் வழியவிடுவேன். மஞ்சள் மகன் தட்டுக்குப் போகும். வெறும் வெள்ளையை வெங்காயத்தோடு வதக்கினால் பல்லுக்கிடையில் கிறீச்சென்கிறது. மிளகைத் தாராளமாகப் போட்டால்தான் உள்ளே இறங்கும். இத்தனை பாடுபட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்று தெரியவந்தது. சி.டி. ஸ்கேனுக்கு நரம்பில் ஏற்றும் சாய மருந்தில் இருக்கிற அயோடினுக்கு முன்னால் சமையலறையில் இருப்பதெல்லாம் தூசுக்குச் சமம். அதை ஏற்றிக்கொண்டவர்களுக்குக் கதிரியக்க அயோடினை ஒரு மாதம், இரண்டு மாதம் தள்ளிப்போடுகிறார்கள். நான் உப்பு டப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

உப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. அயோடின் குறைந்த உணவு என்றால் உப்பில்லாத சாப்பாடு இல்லை. அயோடின் சேர்க்காத உப்பைத் தாராளமாகப் போடலாம், கடல் உப்பை மட்டும் தவிர்க்கச் சொன்னார்கள். இரண்டாம் முறை, இல்லாத சுரப்பிக்கு ஈடாக நான் தினமும் போடும் தைராக்ஸின் மாத்திரையைச் சில வாரம் நிறுத்தினார்கள். தைராய்டு செல்களைத் தூண்டிவிடும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் 30க்கு மேல் ஏற வேண்டும் என்பதற்காக. சிலருக்கு அதற்குப் பதிலாக ஊசி போடுகிறார்கள், அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மாத்திரை இல்லாத வாரங்களில் முகம் உப்பி, மூளை நத்தை வேகத்தில் ஓடியது. எரிகிற அடுப்புக்கு முன்னால் நிற்கும்போதே குளிரெடுக்கும். எதற்கு வந்தேன் என்று யோசித்துக்கொண்டே நிற்பேன். மனைவி சமையலை வாங்கிக்கொண்டாள். தாளில் உப்பு என்ற சொல்லைப் பார்த்ததும் எதிலும் ஒரு கல் உப்புப் போடவில்லை. மருத்துவமனைச் செவிலியர்தான் கூப்பிட்டுச் சொன்னார்: மாத்திரை நிறுத்தியிருக்கும்போது தண்ணீரை நிறையக் குடித்து உப்பையும் விட்டால் இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும், வயதானவர்களுக்கு ஆபத்தாகவே முடியும் என்று. அன்று இரவுச் சோற்றில் உப்பு இருந்தது. அதைவிட ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

இப்போது நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். என் மருமகள் மாசமாக இருக்கிறாள். உங்கள் பட்டியலைப் பார்த்த அடுத்த நாள் அலமாரியில் அயோடின் உப்பைக் காணோம். "மாமா, உங்களுக்கு ஆகாததை இனிமே நாங்களும் சாப்பிடல" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதே நேரத்தில் பதறியும்விட்டது. கருவுற்றவர்களுக்கு அயோடின் கூடுதலாக வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் நாளைக்கு 250 மைக்ரோகிராம் என்கிறது. அது குறைந்தால் பாதிக்கப்படுவது குழந்தையின் மூளை வளர்ச்சி. எனக்கு வேண்டாத உப்பு அவளுக்கு அவசியம். அதிலும் எனக்குமே சிகிச்சைக்கு முந்தைய அந்தச் சில நாள்களில்தான் வேண்டாம். இப்போது நான் போடுவதும் அயோடின் உப்புதான், எல்லோருக்கும் ஒரே பானை. உட்கார்ந்து பேசிப் புரியவைத்து, டப்பாவைப் பழைய இடத்தில் வைத்தோம். எங்கள் வீட்டில் விவரம் தெரிந்த நோயாளி ஒருவன் இருந்தான், சரி. மற்ற வீடுகளில்?

சிகிச்சைக்குப் பிறகு என்ன சாப்பிடுவது என்பதைத்தான் யாராவது எழுத வேண்டும். மருந்தாகக் கொடுக்கும் அயோடின் 131 எட்டு நாளில் பாதியாகும். எச்சில், வியர்வை, சிறுநீர் எல்லாவற்றிலும் வெளியேறும். அதனால் கொஞ்ச நாள் தனி அறை, தனித் தட்டு. அதெல்லாம் எளிது. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அயோடினை இழுக்கும் என்பதுதான் சமைக்கிறவனுக்கு வினை. தாடைக்குக் கீழே வீங்கி, வாய் காய்ந்து, நாக்கில் எந்நேரமும் இரும்புச் சுவை. மறுபடி அடுப்பங்கரைக்கு வந்தபோது உப்பு பார்க்க என்னால் முடியவில்லை. மனைவி உள்ளங்கையை நீட்டுவாள், கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விடுவேன். நக்கிப் பார்த்து "இன்னும் ஒரு சிட்டிகை" என்பாள். அவள் வேலைக்குப் போன பிறகு மகன். அவன் நாக்குக்கு எல்லாமே சரியாகத்தான் இருக்கும், அந்த ஆளை நம்பிச் சமைக்க முடியாது. அப்புறம் வாசனையை வைத்தும் கொதிக்கும் சத்தத்தை வைத்தும் சமைக்கப் பழகினேன். வெங்காயத்தில் ஈரம் போனதும் சடசடப்பு மாறும், அது காதுக்குத் தெரியும். உலர்ந்தது எதுவும் தொண்டையில் இறங்காது. எல்லாவற்றையும் குழைய வேகவைத்து, காய் வெந்த தண்ணீரையும் மேலே ஊற்றிச் சாப்பிட்டேன். சுவை பெரும்பாலும் திரும்பிவிட்டது, வாய் வறட்சி இன்னும் போகவில்லை.

இன்றைக்கு எனக்கு விலக்கு என்று எந்த உணவும் இல்லை. நேரக் கணக்கு மட்டும் உண்டு. விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, வெறும் தண்ணீர். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி. உடனே குடித்தால் மருந்து முழுதாக உடம்பில் சேராது, காபி மேல் உள்ள குற்றம் அவ்வளவுதான். கழுத்தில் மறுபடி கத்தி வைத்ததில் பக்கத்தில் இருந்து இரத்தக் கால்சியத்தைக் கவனித்துக்கொள்ளும் பாராதைராய்டு சுரப்பிகள் அடிபட்டு, கால்சியம் மாத்திரையும் சேர்ந்துகொண்டது. இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். கால்சியத்தைத் தவறவிட்டால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊரும். என்னிடம் வந்து 'பால் தொடாதே' என்கிறது உங்கள் கட்டம். டி.எஸ்.எச். தலைதூக்காதபடி தைராக்ஸினைக் கொஞ்சம் அதிகமாகவே கொடுக்கிறார்கள். அதனால் நெஞ்சு படபடக்கும், கத்தி பிடித்த கை நடுங்கும். வெங்காயத்தைப் பொடியாக நறுக்குவதை விட்டுவிட்டேன், பெரிய துண்டுகளாக நறுக்கினால் யாரும் குறை சொல்வதில்லை. குரல் நரம்பும் கொஞ்சம் அடி வாங்கியிருக்கிறது, கூப்பிட்டால் அடுத்த அறைக்குக் கேட்காது. சாப்பாடு தயார் என்றால் கரண்டியால் பாத்திர விளிம்பில் தட்டுவேன். மகன் அதற்கு வருகிறான், மனைவிக்குத்தான் அது பிடிக்கவில்லை. "நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?" என்கிறாள்.

நலவாழ்வுப் பக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை, நானும் வாசிக்கிறவன்தான். ஆனால் தைராய்டு என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. சுரப்பு குறைந்தவர் உண்டு, கூடியவர் உண்டு, சுரப்பியே இல்லாதவர் உண்டு, சிகிச்சைக்கு நாள் குறித்துக் காத்திருப்பவர் உண்டு. ஒருவருக்கு விலக்கு என்பது இன்னொருவருக்கு மருந்தாக இருக்கிறது. உணவுப் பட்டியல் எது போட்டாலும் இது யாருக்கு, எத்தனை நாளைக்கு என்று மேலே ஒரு வரி போடுங்கள். அதற்கு இடமில்லை என்றால் பட்டியலில் ஒரு காயைக் குறைத்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் ஒன்று. கருவுற்றவர்களும் பால் கொடுக்கும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்காமல் அயோடின் உப்பை நிறுத்த வேண்டாம் என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே, பட்டியல் வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும். என் கடிதத்துக்கு இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்
(பெயர் வெளியிட வேண்டாம்)