ஆளுநர் தேர்வுக்கு ஓர் அளவுகோல்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆளுநர் நியமனம் குறித்த தங்கள் தலையங்கம் அதிகார வரம்பைப் பற்றி விரிவாகப் பேசியதே தவிர, அப்பதவிக்கு வருபவர் அதற்கு முன் என்ன செய்திருக்கிறார் என்ற கேள்வியைத் தொடவில்லை. ஏதேனும் ஒரு துறையில் சிறந்து விளங்கியவரே ஆளுநராக வேண்டும் என்ற மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையத்தின் பரிந்துரைக்கு, 1990 முதல் 1993 வரை மகாராஷ்டிர ஆளுநராக இருந்த சி.சுப்பிரமணியம் (அரசியல்வாதிதான் என்றாலும்) நல்ல சான்று. அரசியல் நிர்ணய சபை உறுப்பினராகவும், காமராஜர் அமைச்சரவையில் கல்வி அமைச்சராகவும் இருந்த அவர், பின்னர் மத்திய உணவு, வேளாண் அமைச்சராக 1966-இல் அதிக விளைச்சல் தரும் மெக்சிகோ கோதுமை விதை 18,000 டன்னை எதிர்ப்புக்கிடையே வரவழைத்தார். அத்துடன் நில்லாமல், தில்லியில் தமது அரசு இல்லத்தின் புல்வெளியையே உழுது அந்த ரகத்தைப் பயிரிட்டும் காட்டினார்.

அப்படிப் பயிரிட்டுக் காட்டுவதன் அருமை, வேளாண் விரிவாக்க அலுவலராகப் பணியாற்றிய எனக்குத் தெரியும். புதிய நெல் ரகத்தைப் பற்றி எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் போகும் விவசாயி, பக்கத்து வயலில் கதிரை உருவி மணியைக் கடித்துப் பார்த்த பிறகுதான் விதை கேட்டு வருவார். இத்தகைய பட்டறிவோடு ஆளுநர் மாளிகைக்குள் நுழைபவரின் ஆலோசனையை, மாற்றுக் கட்சி முதலமைச்சரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனவே, ஆளுநர் நியமன அறிவிப்புடன், அவரது பொதுப்பணி விவரத்தையும் எந்தத் தகுதியின் அடிப்படையில் அவர் தேர்வு செய்யப்பட்டார் என்பதையும் மத்திய அரசு வெளியிட வேண்டும்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்,
பொள்ளாச்சி.