நிற்காமல் அடித்த பெட்ரோல் பம்ப்

கௌலி, ஆக்ஸ்ஃபோர்டு

அன்புள்ள நைனாவுக்கு,

நான் நல்லபடி இருக்கிறேன். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? இந்த மழைக்கு ஷெட்டுக்குள் தண்ணீர் ஏறியதா என்று தம்பியிடம் கேட்டால் சரியாகப் பதில் வரவில்லை. நீங்களே எழுதுங்கள்.

இங்கே குளிர் பழகிவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டுவதுதான் இன்னும் மனசைப் பிசைகிறது. தண்டையார்பேட்டையில் அந்த நேரத்துக்குத்தான் வேலை சூடு பிடிக்கும். மற்றபடி குறையில்லை. இட்லி அரிசி கிடைக்கிறது, நல்ல மீன்தான் கிடைப்பதில்லை. காசிமேட்டு வஞ்சிரம் நினைப்பு வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முழுக்கப் பழைய வண்டிகள்தான். நம் அம்பாசிடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இந்தக் கௌலியில்தான் தயாரானது. இதே ஊரில் இப்போது மினி கார் தயாராகிறது. போன வாரம் ஷெட்டுக்கு ஒரு 1965 எம்ஜிபி வந்தது. மேல்மூடியைக் கழற்றிக்கொண்டு ஓட்டுகிற ரெண்டு சீட்டு வண்டி. பக்கத்து ஊர் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். பானெட்டைத் திறந்ததும் உங்கள் ஞாபகம்தான். அம்பாசிடரில் நீங்கள் எத்தனையோ முறை பிரித்துப் பூட்டிய அதே பி-சீரிஸ் இன்ஜின்! அங்கே 1489 சிசி, இதில் 1798 சிசி. சீட்டுக்குப் பின்னால் ரெண்டு 6 வோல்ட் பேட்டரி, அதுவும் பாசிடிவ் எர்த், அதாவது பாசிடிவ் முனையைப் பாடியோடு சேர்த்தது.

பெட்ரோல் பம்ப் ஓயாமல் 'டிக் டிக்' என்கிறது, புதுசு போட்டுவிடுங்கள் என்றார் வண்டிக்காரர். வேறொரு இடத்தில் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பின்சக்கரத்துக்கு முன்னால் அடியில் மாட்டியிருக்கும் இந்த எஸ்யூ கம்பெனி கரண்ட் பம்ப் சத்தம் போட்டுத்தான் வேலை செய்யும். காயில் என்கிற கம்பிச்சுருள் டயாஃபிரம் என்கிற சவ்வை இழுக்கும்போது பெட்ரோல் உள்ளே வரும். பாயிண்ட் விலகி கரண்ட் அறுந்ததும் ஸ்பிரிங் அதை கார்புரேட்டருக்குத் தள்ளும். ஒரு தள்ளுக்கு ஒரு டிக். சாவியைத் திருப்பியதும் படபடவென்று அடிக்கும், கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் நிறைந்து, பெட்ரோல் வரும் வழியை ஊசி மூடிக்கொண்டதும் அடங்கிவிடும். இன்ஜின் ஓடாதபோது எப்போதாவது ஒரு டிக் வந்தால் ஊசியோ பம்பின் வால்வோ லேசாகக் கசிகிறது என்று அர்த்தம். இந்த வண்டியில் அடங்கவே இல்லை. அதே வேகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. பாரமில்லாமல் அடிக்கிறது என்று காதுக்கே தெரிந்தது. அப்படியென்றால் பெட்ரோலோடு காற்றையும் இழுக்கிறது.

கார்புரேட்டர் பக்கம் பைப்பைக் கழற்றி, நுனியை ஒரு கண்ணாடி ஜாடியில் பெட்ரோலுக்குள் முக்கினேன். முதலில் கொஞ்சம் குமிழி வரும், அது பைப்பில் இருந்த காற்று. அப்புறம் நிற்க வேண்டும். நிற்கவில்லை, பொடிப்பொடியாக வந்துகொண்டே இருந்தது. டேங்கில் இருந்து வருகிற ஹோஸைக் கழற்றிவிட்டு, பம்புக்கு ஒரு புது ஹோஸ் மாட்டி நேராகக் கேனுக்குள் விட்டேன். குமிழி நின்றது. பைப்பைத் திரும்ப மாட்டியதும் கிண்ணம் நிறைந்தது, டிக் டிக்கும் அடங்கியது. பம்ப் மேல் ஒரு குற்றமும் இல்லை, நைனா.

பழைய ஹோஸை வளைத்துப் பார்த்தால், கிளிப் கடித்த இடத்தில் காய்ந்த களிமண் மாதிரி பொடிசு பொடிசாக வெடிப்பு. பெட்ரோல் வெளியே சொட்டாது, ஆனால் பம்ப் உறிஞ்சும்போது அந்த வழியாகக் காற்று உள்ளே போகும். ஹோஸை மாற்றினேன். பம்பைச் சுற்றியிருந்த ரப்பரும் கட்டை மாதிரி இறுகிப்போய், சத்தத்தை அப்படியே பாடிக்குக் கடத்திக்கொண்டிருந்தது. அதையும் மாற்றிக் கொடுத்தேன். புது பம்ப் செலவு மிச்சம் என்று வண்டிக்காரருக்கு அவ்வளவு சந்தோஷம். முதலாளி இப்போது பெட்ரோல் லைன் கோளாறு என்றால் என்னிடம்தான் அனுப்புகிறார்.

இதை இவ்வளவு விவரமாக எழுதக் காரணம் இருக்கிறது. இங்கே 2021 செப்டம்பரில் இருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஆகாது. நம் ஊரில் இப்போது 20 சதவீதம். மாமாவின் அம்பாசிடரில் எந்தக் காலத்து ஹோஸ் இருக்கிறதோ! டேங்கில் இருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பரையும் ஒருமுறை வளைத்துப் பாருங்கள். விரலில் கறுப்பு ஒட்டினாலோ வெடிப்பு தெரிந்தாலோ தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள். கடையில் எத்தனால் தாங்குகிற ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், ஆர்9 என்று மேலேயே அச்சடித்திருக்கும். அங்கே கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், ஊருக்கு வருகிற நண்பரிடம் ரெண்டு மீட்டர் கொடுத்தனுப்புகிறேன். அளவை மட்டும் எழுதுங்கள்.

அம்மாவையும் தம்பியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்