தக்காளிக்கு ஊசி போட்ட டொக்டர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மரபணு மாற்ற உணவுகளுக்கு எதிராகத் திருகோணமலை நகரில் நடந்த விழிப்புணர்வு ஊர்வலத்துக்குக் கடந்த ஞாயிறு இதழில் அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். ஊர்வலம் போனவர்கள் போகட்டும். ஆனால் அதிலே ஒரு வரி: "கிழக்கின் விவசாயிகள் இலாபத்துக்காக மரபணு மாற்றிய தக்காளி, கத்தரி, பப்பாசியைச் சந்தையில் குவிக்கின்றனர்." பக்கத்திலே படம் வேறு. சிவந்த தக்காளிப் பழத்தில் ஊசி ஏறுகிறது.

அப்பாவின் காலத்திலிருந்து தம்பலகாமத்தில் நெல்லும், மேட்டுநிலத்தில் மரக்கறியும் செய்கிறோம். தக்காளிக்கு ஊசி போடும் டொக்டரை இன்னும் காணவில்லை. தங்களுக்குத் தெரிந்தவரென்றால் அனுப்பிவையுங்கள், இலைச்சுருளுக்கும் ஒன்று போடச் சொல்லலாம்.

இலங்கையில் வியாபாரத்துக்காகப் பயிரிட எந்த மரபணு மாற்றப் பயிருக்கும் அனுமதி கிடையாது. ஆசிரியபீடத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர நான் யார்? நாங்கள் நடும் ரெட் லேடி பப்பாசி, மகரந்தம் சேர்த்து எடுத்த கலப்பினம். மரபணு மாற்றிய பப்பாசி உண்மையிலேயே உண்டு. வளையப்புள்ளி வைரசுக்கு ஈடுகொடுக்கவென்று 1998 இல் ஹவாயில் நடத் தொடங்கினார்கள். அந்தப் பப்பாசி எங்கள் பக்கம் வரவில்லை, வைரஸ் மட்டும் வந்திருக்கிறது. காய்த்துளைப்பான் புழுவுக்கு ஈடுகொடுக்கவென்று மரபணு மாற்றிய கத்தரியை இந்தியா 2010 இல் நிறுத்திவைத்தது. அதையே 2014 இலிருந்து பங்களாதேஷில் பயிரிடுகிறார்கள். நாங்கள் இன்னும் காய்த்துளைப்பானுக்கு மருந்து அடித்துக்கொண்டு நிற்கிறோம். அந்த மருந்தைப் பற்றி ஊர்வலம் வந்திருந்தால் நானும் கூட நடந்திருப்பேன்.

திங்கட்கிழமை சந்தையில் மருமகளோடு இருந்தேன். வழக்கமாக எங்களிடம் வாங்கும் ரீச்சர் ஒருவர் தக்காளியைத் தூக்கி, காம்படியை நகத்தால் கிள்ளி, உருட்டி உருட்டிப் பார்த்தார். ஊசித் துவாரம் தேடுகிறார் என்று பிறகுதான் விளங்கியது. "பேப்பரில போட்டிருக்கு, இது அதுதானோ ஐயா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுக்குமுன் பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய பையில் சோயாமீற் பொதிகள். உலகத்தில் விளையும் சோயாவில் பெரும்பகுதி மரபணு மாற்றியதுதான். அந்தப் பொதிக்குள் இருப்பது எந்த நாட்டுச் சோயா என்று அவருக்கு யார் சொல்வது? தாங்கள் சொல்லமாட்டீர்கள். அதே செய்திக்குக் கீழே காற்பக்கத்துக்கு சோயா விளம்பரம் இருந்தது. விளம்பரம் தந்தவரின் மனம் நோகக் கூடாதுதானே.

சட்டம் இல்லாமலில்லை. 2001 இல் மரபணு மாற்ற உணவு இறக்குமதிக்கு முழுத் தடை கொண்டுவரப் பார்த்து, வெளிநாட்டு நெருக்குதலில் கிடப்பில் போட்டார்கள். பிறகு 2006 இல் ஒழுங்குவிதி செய்து, 2007 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மரபணு மாற்றிய பொருள் 0.5 சதவீதத்தைத் தாண்டினால் லேபிளில் போட வேண்டும். சோள ரின், எண்ணெய்ப் போத்தல், பிஸ்கட் பெட்டி என்று கடைகளில் நானும் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அப்படியொரு வரி கண்ணில் பட்டதில்லை. ஊர்வலக்காரர் சுப்பர்மார்க்கெட் வாசலைக் கடந்துதான் சந்தைக்கு வந்தார்கள். அங்கே ஒரு கோஷம்கூடப் போடவில்லை. குளிரூட்டிய கடைக்காரனிடம் கேட்பதைவிட, சாக்கு விரித்து இருப்பவனிடம் கேட்பது சுலபம்.

மரபணு மாற்றிய சோளம் தின்று கட்டி வந்த எலிகளின் கதையையும் அந்தச் செய்தியில் விடவில்லை. 2012 இல் வந்த அந்தப் பிரெஞ்சு ஆய்வை, வெளியிட்ட சஞ்சிகையே 2013 இல் மீளப்பெற்றுக்கொண்டது. மறுவருடம் வேறொரு சஞ்சிகையில் வந்தது. விவசாய பீடத்தில் படித்த மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தங்களுக்கென்ன, நிருபர்கள் இருக்கிறார்கள்.

எங்களைத் திருத்த ஆட்கள் கிளம்புவது இது முதல் தடவையல்ல. 2015 இல் கிளைபோசேட் என்ற களைகொல்லியை நிறுத்தினார்கள். வரம்பு செருக்கக் கூலிக்கு ஆள் தேடி அலைந்தது நாங்கள். 2018 கடைசியில் சேனா படைப்புழு சோளத்தைத் தின்றபோது எல்லாரும் படம் எடுக்க வந்தார்கள். 2021 இல் இரசாயனப் பசளையை ஒரு வர்த்தமானியோடு நிறுத்தி, நவம்பரில் வாபஸ் வாங்கினார்கள். அந்தப் பெரும்போகத்தில் என் வயல் மஞ்சள் பாரித்து நின்றது. தங்கள் பத்திரிகையோ பாரம்பரிய விவசாயத்துக்குத் திரும்புவோம் என்று வாராவாரம் தொடர் போட்டது. எழுதியவர் எந்த வயலுக்குத் திரும்பினார் என்று அறிய ஆவல்.

கம்பனிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கலப்பின விதையையே போகத்துக்குப் போகம் காசு கொடுத்து வாங்கி முழி பிதுங்குகிறது. மரபணு விதையும் வந்தால் எங்கள் குடுமி எவன் கையில் இருக்கும் என்ற பயம் எனக்கும் உண்டு. அதைப் பற்றி அந்த அரைப்பக்கத்தில் ஒரு சொல் இல்லை.

கேட்பது சின்ன விடயம். தக்காளி, கத்தரி, பப்பாசி பற்றிய அந்த வரி பிழை என்று அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் போடுங்கள். மரண அறிவித்தல்களுக்கு நடுவே வேண்டாம். ஊசிப் படத்தையும் இனிப் பாவிக்காதீர்கள். வாய்க்கால் தண்ணீர் பற்றிச் சென்ற வருடம் எழுதிய கடிதத்துக்கு இடமில்லாமற் போனது. இதற்கும் இடம் போதாதென்றால் பசளைக் கதையை வெட்டுங்கள், பப்பாசியில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மரக்கறிச் செய்கையாளன்,
தம்பலகாமம்.