வண்டிப்பெரியாறிலிருந்து நன்றியோடு

அன்புள்ள உறவுகளுக்கு, வணக்கம்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியாறு சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில், லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழும் பிள்ளைகளுக்காக நடக்கும் எங்கள் மாலை வகுப்பு இந்த ஆண்டும் நிற்காமல் நடந்தது. பணம் அனுப்பிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்களில் பலர் இதே லயங்களில் பிறந்து திருப்பூருக்கும் கோவைக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போனவர்கள். ஓவர்டைம் காசில் நூறும் இருநூறும் அனுப்புகிறவர்களுக்கு அது என்ன ஆனது என்று சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள். அப்படிச் சொல்வதற்குக் கைகொடுத்தவர்களுக்கும் சேர்த்தே இந்த மடல்.

அட்சயா மையத்தில் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) வேலை செய்யும் தங்கைக்கு நன்றி. ஒரே பெயரில் நாலைந்து பேர் இருக்கிற ஊர் இது. யுபிஐயில் வரும் ஒவ்வொரு தொகைக்கும் 12 இலக்க எண் உண்டு, அதை வைத்து யார் பணம் என்று கண்டுபிடிக்கலாம் என்று காட்டி, கூகுள் ஷீட்டில் கணக்கெழுதப் பழக்கியவர் அவர்தான்.

கம்பத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் தம்பிக்கும் நன்றி. வாட்ஸ்அப் குரூப் வேண்டாம், பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள் என்றார். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது, பதில் எழுதினாலும் எங்களுக்கு மட்டும் வரும். ஐம்பது ரூபாய் கொடுத்தவர் ஐயாயிரம் கொடுத்தவர் முன்னால் கூச வேண்டியதில்லை. எங்களுக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

மாதாமாதம் வரும் குரல் செய்தி ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மாவுடையது. மலையாள வழியில் படித்த பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. கம்பெனியில் டீ இடைவேளையில் கேட்டேன் அம்மா, என்று ஒரு தையல்காரப் பெண் பதில் அனுப்பியிருந்தார். பள்ளத்துத் தோட்டத்தில் சிக்னல் கிடைக்காத நாட்களில் போனை வாங்கிக்கொண்டு மேல் வளைவு வரை போய் அனுப்பித் தரும் ஜீப் அண்ணனை மறக்கவே முடியாது.

இனி, தாய்மார்களுக்கு. பிள்ளைகள் முகத்தைக் காட்டிக் காசு கேட்க வேண்டாம் என்று தீர்மானமாகச் சொன்னவர்கள் அவர்கள். கொழுந்து கிள்ளி வளர்க்கிறோம், எங்கள் பிள்ளையை யாரும் பாவமாகப் பார்க்கக் கூடாது என்றார்கள். நூற்றுக்கு நூறு சரி. அதனால்தான் உங்களுக்குக் கடை பில், வருகைப் பதிவேடு, புது பெஞ்ச் ஆகியவற்றின் படங்கள் மட்டும் வருகின்றன. அப்படியும் உங்கள் உதவி குறையவில்லை. அதற்குத் தனியாக ஒரு நன்றி.

கோட்டயத்து ஆடிட்டர் ஐயா காசு வாங்காமல் வழி சொன்னார். வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்களிடம் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் நாங்கள் வாங்கக் கூடாது. அனுப்ப மனமிருந்தும் இதைக் கேட்டுப் பொறுத்துக்கொண்ட உறவுகளே, உங்கள் விசாரிப்பே எங்களுக்குப் பலம்.

ஜூனில் பள்ளி திறக்கும், கூடவே மழையும் வரும். குடையும் பையும் வாங்கிய பில் அடுத்த செய்தியில் வந்துவிடும். எங்கள் எண்ணைப் போனில் சேமித்தவர்களுக்குத்தான் பிராட்காஸ்ட் வந்து சேரும். இன்னும் சேமிக்காதவர்கள் இன்றைக்கே சேமித்துவிடுங்கள்.

அன்புடன்,
மாலை வகுப்புக் குழுவினர்